உடன்பிறந்த இருமொழிகள்

முற்றிலும் அயலான மொழியொன்றைக் கற்கப் புகுவோர் அடிதோறும் விழிப்பாக நடப்பர். எழுத்துப் புதிது, சொல் புதிது, சொற்றொடர் அமைப்பும் புதிது. ஆதலின் அவர் எதனையும் தமக்குத் தெரிந்ததாகக் கொள்ளார். முன்னரே கற்ற மொழியோடு உடன்பிறந்த வேறொரு மொழியைக் கற்கப் புகுவோர் நிலை வேறு. அவர்க்குப் பாதிச் சொற்கள் பார்த்த முகங்களாய்த் தோன்றும். எழுத்தும் ஒன்றாக இருந்துவிடின், பாடம் மிக எளிதென்றே எண்ணிவிடுவர். எளிமை உண்மையே, ஆயினும், அவ்வெளிமையினுள் இடர் ஒன்று மறைந்து கிடக்கின்றது. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்னும் நம் பழமொழி மொழிகட்கும் பொருந்தும். எபிரேயம் கற்ற மாணவர் பண்டை அரமேயத்தைப் பயிலும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எபிரேயமும் அரமேயமும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அரபி, அக்காதியம், பினீசியம், எத்தியோப்பியாவின் கீஸ் ஆகியனவும் அக்குடும்பத்தினவே. அவற்றுள்ளும் எபிரேயம், பினீசியம், அரமேயம் என்பன வடமேற்குக் கிளையைச் சார்ந்து மிக நெருங்கிய உறவு பூண்டவை. எபிரேயம் பண்டை இஸ்ரவேல், யூதேயா நாடுகளில் வழங்கியது. அரமேயம் அவற்றிற்கு வடக்கே, இன்றைய சிரியா நாட்டில் வாழ்ந்த அரமேயருடைய மொழியாகும். தமஸ்கு நகரம் அவர்தம் அரசுகளுள் ஒன்றன் தலைநகராக விளங்கிற்று.

அரமேயர் பேரரசு ஒன்றை நிறுவினாரல்லர். அவர் மொழியோ பேரரசுகளின் மொழியாயிற்று. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? அசீரியர் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அரமேய அரசுகளை வென்று, அம்மக்களைப் பெயர்த்துத் தம் நாடெங்கும் குடியேற்றினர். மக்கள் சென்றவிடமெல்லாம் அவர் மொழியும் சென்றது. மேலும், அசீரியரது அக்காதிய மொழி ஈரக் களிமண்ணில் ஆணிபோன்ற குறிகளால் எழுதப்பட்டது. அக்குறிகள் பல நூறு. அரமேயத்திற்கு எழுத்துகள் இருபத்திரண்டே. அவற்றைத் தோலிலும் நாணற்புல் தாளிலும் மையால் விரைந்து எழுதலாம். அசீரிய அரண்மனைச் சிற்பங்களில் எழுத்தர் இருவர் அருகருகே நின்று எழுதுவதைக் காணலாம். ஒருவர் கையில் களிமண் பலகை. மற்றொருவர் கையில் தோற்சுருள். காலப்போக்கில் தோற்சுருளே வென்றது.

அக்காலத்தில் அவ்விரு மொழிகளும் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதற்கு எபிரேய விவிலியத்திலேயே ஒரு சான்று உண்டு. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப்பின் படை யூதேயாவின்மீது வந்தது. எருசலேம் மதிலுக்கு வெளியே நின்ற அசீரியத் தூதன், 'பணிந்துவிடுக' என்று யூதேய மொழியிலேயே உரக்கப் பேசினான். எசேக்கியா மன்னனின் அமைச்சர்கள் அஞ்சினர். மதில்மேலிருந்த மக்கள் அப்பேச்சைக் கேட்டு மனந்தளர்வரே என்று கருதி, அரமேயத்தில் பேசுமாறும், அது தங்கட்கு விளங்கும் என்றும் வேண்டினர். தூதனோ மக்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே முன்னினும் உரத்து, அவர்தம் மொழியிலேயே பேசினான். இதனால் நாம் அறிவது யாது? அரமேயம் அந்நாளில் அரசியலார்க்கு விளங்கும், பொதுமக்கட்கு விளங்காது. உடன்பிறந்த மொழியாயினும், கல்லாதார்க்கு அது மூடிய கதவாகவே இருந்தது.

பின்னர் ஏறத்தாழ நூற்றுப்பதினைந்து ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. பாபிலோனியர் எருசலேமை அழித்து, மக்களுள் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றான். பாரசீகப் பேரரசு அரமேயத்தையே அலுவல் மொழியாகக் கொண்டது. எகிப்து முதல் இந்திய எல்லை வரை ஆணைகளும் கடிதங்களும் கணக்குகளும் அம்மொழியில் எழுதப்பட்டன. நம் நாட்டு அசோகப் பேரரசனும் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தன் அறவுரைகளை வடமேற்கு எல்லையில் அரமேயத்திலும் பொறித்தான். கிரேக்கமும் அரமேயமும் ஒருங்கே அமைந்த அவனது கல்வெட்டு ஒன்று 1958-இல் கந்தகாரில் கண்டெடுக்கப்பட்டது. வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி எழுத்தும் அரமேய எழுத்தினின்று தோன்றியதென்பது அறிஞர் துணிபு.

அக்காலத்து அரமேயக் கடிதங்களுள் நெஞ்சை உருக்குவது ஒன்றுண்டு. எகிப்தின் தென்னெல்லையில், நைல் ஆற்றின் நடுவே, எலிபெண்டைன் என்னும் தீவு இருக்கின்றது. அங்குப் பாரசீகர்க்குக் காவற்படையாக யூதர் சிலர் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அவர்கட்கு அத்தீவிலேயே ஒரு கோவில் இருந்தது. கி.மு. 410-இல் எகிப்தியப் பூசாரிகளின் தூண்டுதலால் அக்கோவில் இடித்துத் தீக்கிரையாக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, கி.மு. 407-இல், அதனை மீண்டும் கட்ட உதவுமாறு யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு அவர்கள் விண்ணப்பம் எழுதினர். தாங்கள் துக்க உடை உடுத்து நோன்பிருப்பதையும், எண்ணெய் பூசாமலும் திராட்சை மது அருந்தாமலும் வாழ்வதையும் அதில் எடுத்துரைத்தனர். யூதர் யூதேயாவிற்கு விடுத்த அவ்விண்ணப்பம் எபிரேயத்தில் எழுதப்படவில்லை, அரமேயத்தில் எழுதப்பட்டது. அதன் படிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவின் மணலிலிருந்து வெளிப்பட்டன. எபிரேயம் மட்டும் கற்றவர் அம்மடலைக் கையில் வைத்திருப்பினும் அதன் துயரத்தை முற்றும் உணரார்.

இனி எழுத்தைக் காண்போம். எபிரேயர்க்குப் பண்டு தமக்கெனத் தனி எழுத்து ஒன்றிருந்தது. சமாரியர் இன்றும் அதன் வழிவந்த எழுத்தையே போற்றி வருகின்றனர். யூதர் பாரசீகர் காலந்தொட்டு அதனைப் படிப்படியாக விடுத்து, அரமேய எழுத்தை மேற்கொண்டனர். இக்காலத்தில் எபிரேய எழுத்தென நாம் காணும் சதுர வடிவ எழுத்து அரமேயத்தினின்று வந்ததேயாகும். ஆகவே, எபிரேயம் கற்ற மாணவர் தாம் அறியாமலே அரமேயத்தின் வாயிலைக் கடந்தவராகின்றார்.

எபிரேயம் கற்போர் அரமேயத்தை ஏன் பயில வேண்டும்? எபிரேய விவிலியம் முழுதும் எபிரேயத்தில் அமைந்ததன்று. தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரத் தொடக்கப் பகுதியிலிருந்து ஏழாம் அதிகார முடிவுவரை அரமேயம். எஸ்றா நூலில் இரு பகுதிகள் அரமேயம். எரேமியா நூலில் ஒரே ஒரு வசனம். ஆதியாகமத்தில் இரண்டே சொற்கள். இவையெல்லாம் கூட்டினும் ஏறத்தாழ 270 வசனங்களே. ஏறத்தாழ 23,000 வசனங்களுள் இவை ஒரு சிறு பங்கு. ஆயினும், தானியேல் நூலைப் படித்துவரும் மாணவர், பாபிலோனிய நிமித்திகர் மன்னனுக்கு மறுமொழி கூறும் இடத்தில் திடுமென நின்றுவிடுவார். எழுத்து மாறவில்லை, மொழி மாறிவிட்டது!

ஆதியாகமத்தில் வரும் அவ்விரு சொற்களின் வரலாறு சுவையானது. யாக்கோபும் அவன் மாமன் லாபானும் உடன்படிக்கை செய்து, அதற்குச் சான்றாகக் கற்களைக் குவித்தனர். அரமேயனாகிய லாபான் அக்குவியலுக்கு 'யெகர் சாகதூத்தா' என்று பெயரிட்டான். யாக்கோபு 'கல்ஏத்' என்றான். இரண்டின் பொருளும் 'சான்றுக் குவியல்' என்பதே. பொருள் ஒன்று; கற்குவியல் ஒன்று; மொழி மட்டும் இரண்டு.

அரமேயம் பயிலும் மாணவர் முதற்கண் கைக்கொள்ள வேண்டியது ஒலிமாற்ற முறையாகும். நம் தமிழில் 'பால்' என்பது கன்னடத்தில் 'ஹாலு' ஆகும். 'புலி' 'ஹுலி' ஆகும். 'பத்து' 'ஹத்து' ஆகும். ஒரு சொல்லில் காணும் மாற்றம் பல சொற்களிலும் ஒழுங்காக வருதலின், விதியை அறிந்தவர்க்குப் பல சொற்கள் தாமே விளங்கும். எபிரேயத்திற்கும் அரமேயத்திற்கும் இடையிலும் இத்தகைய விதிகள் உள. அவ்வொலிகளைத் தமிழெழுத்தால் முற்றும் குறித்தல் அரிதாயினும், ஒருவாறு காட்டுதும்.

எபிரேயத்தில் பொன் 'ஸாஹாவ்', அரமேயத்தில் 'தெஹாவ்'. சில சொற்களில் எபிரேய ஸகரத்தின் இடத்தில் அரமேயத்தில் தகரம் நிற்கும். எபிரேயத்தில் எருது 'ஷோர்', மூன்று 'ஷாலோஷ்'. அரமேயத்தில் அவை முறையே 'தோர்', 'தெலாத்'. இங்கு ஷகரத்தின் இடத்தில் தகரம் வந்தது. எபிரேயத்தில் அமைதி 'ஷாலோம்', நல்லது 'தோவ்', இல்லை 'லோ'. அரமேயத்தில் அவை 'ஷெலாம்', 'தாவ்', 'லா' என வரும். எபிரேய ஓகாரம் இவற்றில் ஆகாரமாயிற்று. 'ஷாலோம்' என்னும் சொல்லின் முதல் ஷகரம் அரமேயத்திலும் மாறாமல் நிற்பதைக் கூர்ந்து நோக்குக. என்னை? மூலமொழியில் தனித்தனியாக இருந்த இரண்டு ஒலிகள் எபிரேயத்தில் ஷகரமாக ஒன்றுபட்டன. அரமேயமோ அவற்றுள் ஒன்றை ஷகரமாகவும் மற்றொன்றைத் தகரமாகவும் வேறுபடுத்திக் காத்தது. ஆதலின், ஷகரம் கண்ட இடமெல்லாம் தகரம் ஆக்குவோர் பிழைபடுவர். விதி அறிதல் வேண்டும். விதியின் எல்லையும் அறிதல் வேண்டும்.

இலக்கணத்திலும் இத்தகைய ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு. எபிரேயத்தில் 'மெலெக்' என்றால் அரசன். 'அந்த அரசன்' எனச் சுட்டிக் கூற வேண்டின், முன்னே ஓர் ஒட்டுச் சேர்த்து 'ஹம்மெலெக்' என்பர். அரமேயத்திலோ அவ்வொட்டுச் சொல்லின் பின்னே சேரும், 'மல்கா' என்றாகும். எபிரேயத்தில் பன்மையீறு 'ஈம்', அரமேயத்தில் 'ஈன்'. எனவே 'மெலாகீம்' என்பது அங்கே 'மல்கீன்' ஆகும். 'மகன்' என்னும் பொருட்டாய எபிரேயச் சொல் 'பென்'. அரமேயச் சொல் 'பார்'. வினைச்சொற்கள் இருமொழியிலும் பெரும்பாலும் மூன்று மெய்களாலாய வேரினின்று பிறக்கும். ஆனால், எபிரேயத்தில் பெருவழக்கான 'நிஃப்அல்' என்னும் வினைவடிவம் அரமேயத்தில் இல்லை. அதனை எதிர்பார்த்துத் தேடும் மாணவர் வீணே இளைப்பர்.

இவையெல்லாம் வேற்றுமை வெளிப்படையாகத் தோன்றும் இடங்கள். வேற்றுமை தோன்றாத இடமே பேரிடர் தருவது. மூன்று மெய்களால் ஆகிய 'அவத்' என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் அதற்குத் 'தொண்டு செய்தான்', 'உழைத்தான்' என்பன பொருள். அரமேயத்தில் அதே எழுத்துகளால் ஆய அதே வேருக்குச் 'செய்தான்', 'ஆக்கினான்' என்பன பொருள். எரேமியா நூலின் பத்தாம் அதிகாரத்துப் பதினோராம் வசனம் தனித்து நிற்கும் அரமேய வசனம். விண்ணையும் மண்ணையும் ஆக்காத தெய்வங்களைப் பற்றியது அது. எபிரேயம் மட்டும் அறிந்தவர் அச்சொல்லைக் கண்டவுடன் 'தொண்டு செய்யாத' என்று பொருள் கூறிவிடுவர். வசனத்தின் கருத்தே கவிழ்ந்துவிடும். அகராதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணமும் அவர்க்குத் தோன்றாது. தெரியாத சொல் நம்மை நிறுத்தும். தெரிந்ததுபோன்ற சொல் நம்மை வழிதவறச் செய்யும்.

அவ்வொரு வசனத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மண் என்னும் பொருட்டாய சொல் அதில் இருமுறை வருகின்றது. முதலில் 'அர்கா' என்றும், பின்னர் 'அர்ஆ' என்றும் இருவேறு வடிவில் காணப்படுகின்றது. முன்னது பழைய வடிவம்; பின்னது அதனினின்று பின்னாளில் திரிந்த வடிவம். எபிரேயத்தில் 'எரெட்ஸ்' என வழங்குவதும் இச்சொல்லே. ஒரு மொழி மாறிவரும் நிலையை ஒரே வரியில் காட்டும் இவ்வசனம், மாணவர்க்குச் சிறந்த முதற்பாடமாகத் தக்கது.

ஒலிமாற்ற விதியின் பயனைத் தெளிவாகக் காட்டும் இடம் தானியேல் நூலின் ஐந்தாம் அதிகாரம். பாபிலோனில் பெல்ஷாத்சார் பெருவிருந்து நடத்துகின்றான். அப்பொழுது ஒரு கையின் விரல்கள் தோன்றி, அரண்மனைச் சுவரில் சில சொற்களை எழுதுகின்றன. மன்னன் முகம் வெளிறுகின்றது. முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாட்டு அறிஞரெல்லாம் வந்து நின்றும் பொருள் கூற முடியவில்லை. தானியேல் வந்து படிக்கின்றார். 'மெனே', 'தெகேல்', 'பெரேஸ்' என்பன அச்சொற்கள். எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என அவர் பொருள் விரித்து, அவ்வரசின் முடிவை அறிவிக்கின்றார்.

அச்சொற்கள் அத்துணைப் பேர்க்கும் விளங்காமற்போனது ஏன்? அறிஞர் கூறும் விளக்கம் ஒன்று இதன்கண் ஒளி பாய்ச்சுகின்றது. 'தெகேல்' என்பதில் தகரத்தின் இடத்தில் ஷகரத்தை வைத்துப் பார்க்குக. 'ஷெகெல்' என்னும் எபிரேயச் சொல் கிடைக்கும். தமிழ் விவிலியம் அதனைச் 'சேக்கல்' என வழங்கும். அஃது ஒரு நிறைப்பெயர். அங்ஙனமே 'மெனே' என்பது 'மினா' என்னும் பெருநிறை. 'பெரேஸ்' என்பது பாதி மினா. ஆகவே, சுவரில் காணப்பட்டவை கடைத்தெருவில் நாள்தோறும் வழங்கிய நிறைப்பெயர்களே எனலாம். சொற்கள் எல்லார்க்கும் தெரிந்தவை. அவற்றின் உட்பொருளே தெரியாதது. தானியேல் அப்பெயர்களின் அடியில் கிடந்த வினைகளை வெளிக்கொணர்ந்தார். 'பெரேஸ்' என்பதில் பாரசீகரின் பெயரும் ஒலிப்பதைக் காட்டினார். இந்நயம் மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும். அரமேயம் கற்றவர்க்கே உள்ளங்கை நெல்லிக்கனியாய் விளங்கும்.

விவிலியத்தோடு அரமேயத்தின் பயன் முடிந்துவிடவில்லை. மக்கள் அரமேயம் பேசத் தொடங்கிய பின்னர், தொழுகைக் கூடத்தில் எபிரேய மறை அவர்க்கு விளங்காதாயிற்று. ஆதலின், ஒருவர் வசனத்தை எபிரேயத்தில் படிப்பார். அருகே நிற்கும் மற்றொருவர் அதனை அரமேயத்தில் மொழிபெயர்த்துக் கூறுவார். மறைநூல் எது, மொழிபெயர்ப்பு எது என்பது கேட்போர்க்கு மயங்காதிருத்தற்பொருட்டு, அவர் ஏட்டைப் பாராது வாய்மொழியாகவே கூறவேண்டும் என்பது விதி. இம்மொழிபெயர்ப்புகள் 'தர்கூம்' எனப்படும். ஏமன் நாட்டு யூதரிடையே இவ்வழக்கம் நம் காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. பாபிலோனியத் தல்மூத் என்னும் பெருநூலும் பெரும்பாலும் அரமேயத்தில் அமைந்ததே. யூதர்தம் திருமண ஒப்பந்தமும், இறந்தோர்க்காக மைந்தர் ஓதும் 'கத்தீஷ்' என்னும் வேண்டுதலும் இன்றும் அரமேயத்திலேயே உள்ளன.

இம்மொழியை மாணவர்க்கு எளிதாக்கியோருள் ஃப்ரான்ஸ் ரோசெந்தால் குறிப்பிடத்தக்கவர். அவர் 1914-இல் பெர்லினில் பிறந்த யூதர். அரமேய ஆராய்ச்சியின் வரலாற்றைப் பற்றி இளமையிலேயே அவர் எழுதிய நூல் 1938-இல் பரிசுக்குரியதெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது; ஆயினும், அவர் யூதர் என்னும் காரணத்தால் பரிசுப்பணம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவர் செர்மனியை விட்டு வெளியேறினார். பின்னர் அமெரிக்காவை அடைந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அவர் இயற்றிய விவிலிய அரமேய இலக்கணம் 1961-இல் வெளிவந்தது. சிறியதாயினும் செறிவுடைய அந்நூலைப் பல நாட்டு மாணவர் பாடநூலாகக் கொண்டனர். நாடு பறிபோயினும் கற்ற மொழி அவரை விட்டு நீங்கவில்லை.

அரமேயம் முற்றும் மறைந்த மொழி அன்று. அதன் கிளையாகிய சிரியாக் மொழி, கேரளத்துச் சிரியக் கிறித்தவர்தம் வழிபாட்டில் நெடுங்காலமாக ஒலித்து வருகின்றது. சிரியாவில் தமஸ்குக்கு வடக்கே மலைச்சரிவில் அமைந்த மாலூலா என்னும் ஊரிலும் வேறு சில இடங்களிலும் அரமேயத்தின் வழிவந்த பேச்சு இன்னும் உயிரோடு இருக்கின்றது.

மாணவர்களே! இறுதியாக ஓர் எச்சரிக்கை. அரமேயத்தில் தந்தையை 'அப்பா' என்பர். இதனைக் கேட்டவுடன் அரமேயமும் தமிழும் உறவுடையன என்று சிலர் மகிழ்ந்து கூறுவதுண்டு. குழந்தைகள் முதலில் மழலையாக ஒலிக்கும் இத்தகைய சொற்கள், தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்திருக்கக் காணலாம். ஒரு சொல் ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது. பல சொற்கள் ஓர் ஒழுங்குபட மாறியிருத்தலே சான்றாகும். 'தெகேல்' என்பதும் 'ஷெகெல்' என்பதும் கேட்பதற்கு வேறாயினும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். 'அப்பா' என்பது கேட்பதற்கு ஒன்றேயாயினும் இருவேறு குடிப்பிறந்த சொற்கள். தோற்றத்தால் மயங்காது, விதியால் ஆராய்ந்து துணிபவரே மொழிகளைக் கற்றவராவர். எபிரேயம் அறிந்த மாணவர் அரமேயப் பாடத்தில் முதலில் பெறும் பயனும் முடிவில் பெறும் பயனும் இதுவேயாம்.